அக்காவின் வலக்கண்ணும் என் தொலைகாட்டியும்

அக்காவுக்கு வலக்கண்ணில் மட்டுந்தான் பார்வை. இடக்கண் சின்ன வயதிலேயே போய்விட்டது. அதைத் தெரிந்துகொண்டும் நான் சூரியனைப் பார்க்கும் கருவியை வீட்டுக்குள் கொண்டுவந்தேன்.

நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். கரம்பொனில் நானும் அக்காவும் மட்டும் இருக்கிறோம். நிலாவையும் வியாழனையும் பார்க்க என்னிடம் ஒரு தொலைகாட்டி இருந்தது. சூரியனின் விளிம்பில் எழும் தீநாக்குகளையும் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்தது. அதற்கு ஐதரசன் அல்பா என்ற ஒரேயொரு சிவப்பு ஒளியை மட்டும் விடும் வடிகட்டி வேண்டும். கனடாவிலிருக்கும் தம்பி வாங்கி அனுப்புவதாகச் சொன்னான்.

"சின்னக்கா, எல்லா வடிகட்டியையும் உள்ளுக்கை வைச்சு மூடின சின்னத் தொலைகாட்டி ஒண்டு இருக்கு. அதையே எடுங்கோவன். பிழைவிட ஏலாது."

"எனக்கு அது வேண்டாம். என்ர தொலைகாட்டியிலயே பூட்டுற மாதிரி எடு. இரவுக்கும் பகலுக்கும் ஒண்டே போதும்."

அப்படி இரண்டு துண்டுகள் வந்தன. ஒன்று தொலைகாட்டியின் முன்வாயில் பூட்டுவது. மற்றது, கண் வைக்கும் பக்கத்தில் செருகும் வளைந்த குழாய். இரண்டாவது வடிகட்டி அதற்குள் இருந்தது; அது இல்லாமல் சூரியனைப் பார்த்தால் கண் கெடும். என் பழைய குழாயும் அதே கறுப்பு, அதே வளைவு.

ஒரு சனிக்கிழமை காலை முற்றத்தில் எல்லாவற்றையும் பூட்டினேன். அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டுக் குசினிக்கு ஓடினேன். பாலை இறக்கிவைத்துத் திரும்பியபோது மேசையில் புதிய குழாய் கிடந்தது. தொலைகாட்டியில் இருந்தது பழையது; நான்தான் மாறிப் பூட்டியிருந்தேன். அக்கா அதில் கண்ணை வைத்துக் குனிந்து நின்றா.

"அக்கா! எடுங்கோ கண்ணை!"

"ஏன் பிள்ளை கத்துறாய்? சிவப்பா வடிவாத்தானே தெரியுது."

"எவ்வளவு நேரம் பாத்தனீங்கள்?"

"ஒரு தேவாரம் பாடுற நேரம் இராது." கண்ணைக் கசக்கினா. "நடுவில ஒரு பொட்டு நிக்குது. நீ நிக்கிற இடத்தில உன்ர முகம் தெரியேல்லை."

கண்ணின் உட்திரை வெந்தாலும் நோகாது என்று பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பக்கத்து வீட்டு ஓட்டோவில் யாழ்ப்பாணம் புறப்பட்டோம். பண்ணைப் பாலத்தில் இரண்டு பக்கமும் கடல் பளபளத்தது. அந்த வெளிச்சம்கூடப் பயமாக இருந்தது. அக்காவின் முகத்தைத் துவாயால் மூடிப் பிடித்துக்கொண்டேன். "மூச்சு முட்டுது" என்றா. நான் துவாயை எடுக்கவில்லை.

கண் டொக்டர் மருந்துவிட்டு நெடுநேரம் பார்த்தார்.

"இப்ப ஒரு காயமும் தெரியேல்லை. ஆனா சில பேருக்கு ஒரு நாள் கழிச்சுத்தான் தெரியவரும். நாளைக்கும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

வீட்டுக்கு வந்ததும் அக்காவைச் சுவர்க் கலண்டருக்கு முன்னால் இருத்தினேன். மணித்தியாலத்துக்கு ஒருதரம் இலக்கங்களை வாசிக்கச் சொன்னேன். மூன்றாம் முறை எட்டை மூன்று என்றா. பிறகுதான் தெரிந்தது, கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தா.

"இந்தக் கண்ணும் போனா நீதானே என்னைப் பாக்க வேணும்," என்று சாதாரணமாகச் சொன்னா. நான் எழுந்து கிணற்றடிக்குப் போய் அழுதேன்.

விடியும்போது பொட்டு மறைந்திருந்தது. டொக்டரும் பயமில்லை என்றார். அன்றைக்கே தம்பிக்குப் போன் எடுத்து, மூடிய தொலைகாட்டியையே அனுப்பச் சொன்னேன். முதலில் வந்த துண்டுகள் இரண்டையும் பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பினேன்.

புதியது வந்து ஒரு மாதம் தொடவில்லை. தொட்ட பிறகும் வெயிலில் வைத்து முதலில் என் உள்ளங்கையைக் கண்வில்லைக்குப் பின்னால் பிடித்து, சுடுகிறதா என்று பார்ப்பேன். பிறகு கண்ணை வைப்பேன். விளிம்பில் தீநாக்கு நிற்கும். அதன் அழகை ஆறுதலாகப் பார்க்க என்னால் இன்னும் ஏலவில்லை.

போன கிழமை அக்கா வந்து பக்கத்தில் நின்றா.

"நானும் ஒருக்காப் பாக்கட்டே?"

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவ குனிந்துவிட்டா. நான் அவவின் தோளைப் பிடித்தபடி ஒன்று, இரண்டு என்று எண்ணினேன்.

"ஓரத்தில சிவப்பா மயிர் மாதிரி ஏதோ ஆடாமல் நிக்குது," என்றா. "கையை எடு பிள்ளை, நோகுது."