தணிகாசலம் மாட்டாத இடது சக்கரம்

சென்ற வியாழக்கிழமை காலை ஷிப்டில் இருந்தேன். என்னைத் தேடி யாரோ வந்திருப்பதாகத் தொழிற்சாலை கேட்டிலிருந்து ஆள் வந்து சொன்னார். போய்ப் பார்த்தால் தணிகாசலத்தின் மருமகன். "மாமா காலைல போய்ட்டாருங்க. அத்தை உங்களாண்ட சொல்லச் சொன்னாங்க" என்றார். நெஞ்சுவலியாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக்கூட நேரம் இல்லையாம். எனக்கு முதலில் அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. என்ன பயம் என்பதை அவரை அறிந்தவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகவே எழுதுகிறேன்.

காட்டுப்பாக்கத்தில் ரோட்டை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டு கார் வேலை பார்த்தவர் தணிகாசலம். அந்த ஊரிலேயே பயிர் வைத்த குடும்பம். நிலமெல்லாம் மனையானபோது அவர் பங்குக்கு வந்த துண்டில் கொட்டகை எழுந்தது. நான் ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை பிட்டர். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியிருப்பவன். வெளியே வேலை பார்க்கக் கூடாது என்பது எங்கள் விதி. ஆனால் பழைய கார் என்றால் எனக்குப் பைத்தியம். ஞாயிறும் விடுமுறையும் அந்தக் கொட்டகையில்தான் கிடப்பேன். எங்கள் இருவருக்கும் ஒரே வயது. என்னை "மாமே" என்பார். கோபம் வந்தால் மட்டும் "இன்னா கவர்மெண்டு".

பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்து, காதருகே பிடித்து விரலால் மெல்லச் சுற்றுவார். அந்த நேரத்தில் யாரும் பேசக் கூடாது. நான் ஒருமுறை ஏதோ கிண்டல் செய்தேன். "பேரிங்கு பேசிக்கினு கீது மாமே, நீ கொஞ்சம் வாய மூடு" என்றார். சிரித்தேன். அன்று அவர் வேண்டாமென்று ஒதுக்கிய பேரிங்கை நானும் சுற்றிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பிறகு வெயிலில் தூக்கிப் பார்த்தபோதுதான் உருளை ஒன்றில் மயிரிழை அளவு கீறல் தெரிந்தது.

ஒன்பது வருடங்களுக்கு முன்பு பூந்தமல்லி அரிசி மண்டிக்காரர் ஒருவர் தன் அப்பா வாங்கிய கருப்புக் காரைக் கொண்டுவந்து விட்டார். மழையில் பிரேக் அடித்தால் ஒரு பக்கமாக இழுத்தது. முன் சக்கரங்களில் பழைய டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் பிரேக் மாட்ட வேண்டும், பேரிங்கும் புதிதாகப் போட வேண்டும். அவ்வளவு பழைய வண்டிக்கு இத்தனை செலவா என்று நான் கேட்டதற்குத் தணிகாசலம் சொன்னது: "பிரேக்கு வண்டிய ஓட்றவனுக்கா போட்றோம்? எதிர்ல வர்றவனுக்கு." வலது சக்கரம் அவருக்கு, இடது எனக்கு என்று பிரித்துக்கொண்டோம்.

வேலை முடிகிற நாள் ஆயுத பூஜையாக அமைந்துவிட்டது. பேரிங்கை உட்கார வைத்து நட்டை இறுக்கி, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, மறுபடி கொஞ்சம் தளர்த்த வேண்டும். அந்த நட்டு மேலும் கழலாமல் இருக்க, அதன் வழியே ஒரு சின்னக் கம்பியை நுழைத்துக் கால்களை மடக்க வேண்டும். காட்டர் பின் என்போம். நான் நட்டை வைத்துவிட்டுத் திரும்பினால் குறடும் காட்டர் பின் டப்பாவும் சாமி படத்துக்கு முன்னால் போய், சந்தனம் குங்குமம் வைத்தாகிவிட்டது. படையலில் வைத்த ஆயுதத்தை மறுநாள்தான் எடுக்கலாம். வேலை முடியாத வண்டிக்குத் தணிகாசலம் மாலை போட மாட்டார். "முட்ஞ்சிதா மாமே?" என்று கேட்டார். குவார்ட்டர்ஸில் என் வீட்டிலும் பூஜைக்குக் காத்திருந்தார்கள். வண்டிக்காரர் மறுநாள் பத்து மணிக்குத்தான் வருவதாகச் சொல்லியிருந்தார். எட்டுக்கு வந்து பின்னைப் போட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டேன். "முடிஞ்சது" என்றேன். நட்டை மறைக்கும் மூடியைத் தட்டிப் பொருத்தி, சக்கரத்தையும் மாட்டினேன்.

மறுநாள் எட்டு மணிக்குப் போனால் நசுங்கிய எலுமிச்சம்பழம்தான் கிடந்தது. "நல்ல நேரம் பாத்து ஆறு மணிக்கே வந்து எடுத்துக்கினு பூட்டாரு. முக்கு வரிக்கும் நானும் கூட போனேன். பிரேக்கு சும்மா கல்லு மாரி நிக்குது!" என்றார் தணிகாசலம். அவ்வளவு சந்தோஷம் அவர் முகத்தில். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல், ஒரு வேலை இருக்கிறதென்று பூந்தமல்லிக்கு சைக்கிளை மிதித்தேன். வீடு பூட்டியிருந்தது. குடும்பத்தோடு பாடியில் இருக்கிற கோயிலுக்குப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

பாடிக்குச் சற்று முன்னால் நட்டு கழன்றது. டிஸ்க்கைக் கவ்வியிருந்த பிரேக் பிடிப்பு சக்கரத்தைத் தனியே ஓடவிடவில்லை. ஆனால் சக்கரம் சாய்ந்தது, ஸ்டியரிங் கைக்கு அடங்கவில்லை, டிஸ்க் கோணலாகி, பிரேக் பெடல் தரைவரை இறங்கியது. வண்டி பஸ் நிறுத்தத்தில் ஏறிவிட்டது. உள்ளே இருந்தவர்களுக்குச் சிராய்ப்புதான். பஸ்ஸுக்கு நின்றிருந்த முனுசாமி என்பவர் மூன்றாம் நாள் இறந்தார். ஒரு சின்ன ஆலையில் வாட்ச்மேன். மூன்று பிள்ளைகள்.

போலீஸ் ஸ்டேஷன் வாசலில் அந்த வண்டியின் இடது சக்கரத்தருகே தணிகாசலம் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். காட்டர் பின் நுழைகிற துளையில் அப்பியிருந்த கிரீஸ் அப்படியே இருந்தது. பின் நுழைந்திருந்தால் அது வழிக்கப்பட்டிருக்கும். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். உள்ளே போய், "ரெண்டு சக்கரமும் நான்தான் சார் மாட்னேன்" என்றார். வெளியே வந்ததும் நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். "உனுக்கு கவர்மெண்டு வேலை பூடும். நம்ப ரெண்டு பேரும் உள்ள போனா ரெண்டு ஊட்டையும் எவன் பாப்பான்? போ" என்றார். நான் போனேன். அந்த ஒரு வார்த்தைக்காகவே காத்திருந்தவனைப் போலப் போனேன்.

எட்டு மாதம் சிறையில் இருந்தார். திரும்பி வந்த பிறகு அவரிடம் யாரும் பிரேக் வேலை கொடுக்கவில்லை. பஞ்சர் ஒட்டினார், காற்று அடித்தார். நான் முதலில் மாதம் ஒருமுறை போனேன், பிறகு பொங்கலுக்கு, பிறகு அதுவும் இல்லை. அவர் ஒருநாளும் குத்திக் காட்டியதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில், அவர் எப்போது வாய் திறப்பாரோ என்ற பயம். அவர் செத்துப்போன செய்தி வந்தபோதும் அதே பயம்தான்: போகும்போது யாரிடமாவது சொல்லிவிட்டாரோ?

சாவு வீட்டில் ஒருவர் சொன்னார், "தங்கமான மன்ஷன். அந்த ஒரு சக்கரத்துலதான் அசந்துட்டான்." சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். உள்ளே போய் அவர் மனைவி கன்னியம்மாவிடம்தான் உடைந்தேன். "அந்தச் சக்கரம் நான் மாட்டினதும்மா" என்றேன். அவர் முகம் மாறவில்லை. "தெரியும்ணா. அவுரு சொல்லல. நீங்க ஊட்டாண்ட வர்றத நிறுத்தினப்பவே தெரிஞ்சிது" என்றார். "வெளிய நிக்கறாங்களே, அவுங்களாண்ட சொன்னீங்களா?" என்று கேட்டார்.

சொல்லவில்லை. வெளியே வந்து மாலையைப் போட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டேன். அதனால் இப்போது எழுத்தில் சொல்கிறேன். முனுசாமியின் வீட்டுக்கும் நேரில் போய்ச் சொல்லப்போகிறேன். அவர்கள் என்ன செய்தாலும் சரி. தொழிற்சாலைக்கும் கடிதம் எழுதிவிட்டேன்.

தணிகாசலத்தின் கருவிகளில் எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் மருமகன். வேண்டாம் என்றேன். அவருடையதாக எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிற அந்தப் பழி மட்டும் எனக்குப் போதும். காட்டுப்பாக்கத்தில் அந்தச் சக்கரத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், இனி என் பெயரைச் சொல்லுங்கள்.