வகுப்பில் இருந்தும் ஆப்சென்ட் ஆன எனக்கு ஆத்தா தந்த பதில்

இதை எழுதும்போதும் என் இடது காதுக்குள் ஒரு ரீங்காரம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அது நின்றுவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். நிற்காமல் இருந்தும் நான் ஏன் மாரியம்மனுக்கு நன்றி சொல்கிறேன் என்பதை, அவளை நம்பியிருக்கும் உங்களிடம் சொல்லிவிட வேண்டும்.

என் பெயர் மாரீஸ்வரி. எங்கள் ஊர் சிவகாசிப் பக்கத்தில், எம்.புதுப்பட்டி அருகே. அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம். மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் வெறும் கரிசல். அம்மா பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறி வேலைக்குப் போவார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, பதினெட்டு வயதும் நிறைந்திருந்த அந்தக் கோடையில், கல்லூரி திறக்கும்வரை போகலாமே என்று நானும் அம்மாவோடு வேலைக்குப் போனேன்.

மூன்றாவது வாரம் பக்கத்து அறை வெடித்தது. நான் தண்ணீர் குடிக்க வெளியே வந்திருந்தேன். சத்தம் கேட்டதாகவே நினைவில்லை. யாரோ முதுகில் ஓங்கித் தள்ளியதுபோல் இருந்தது. பிறகு மண்ணில் கிடந்தேன். என்னைச் சுற்றி எல்லோரும் வாயைத் திறந்து திறந்து மூடினார்கள். ஒருவர் குரலும் வரவில்லை. அந்த அறையில் இருந்த இரண்டு அக்காமார் பிழைக்கவில்லை. அவர்களில் ஒருவர் அன்று காலையில் வேனில் எனக்காக ஒதுங்கி உட்கார்ந்து இடம் கொடுத்தவர்.

என் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. வந்தவர்கள் எல்லாம் என் தலையைத் தடவி, ஆத்தா உன்னைக் காப்பாற்றிவிட்டாள் என்றார்களாம். இரண்டு வீடுகளில் பிணம் கிடக்கும்போது எனக்குக் காது கேட்கவில்லை என்று எந்த முகத்தோடு சொல்வது? அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவர் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, மங்கலாகவாவது கேட்ட என் வலது காதில் வாயை வைத்துச் சொன்னார்:

"கொஞ்ச நாள்ல சரியாப் போயிரும் தாயி. யார்ட்டயும் வாயத் தொறக்காத. பொட்டப்புள்ளைக்குச் செவிடுன்னு பேரு விழுந்துட்டா அப்புறம் அழியாது."

சில வாரங்களில் வலது காதில் ஓரளவு கேட்கத் தொடங்கியது. பக்கத்தில் வந்து பேசினால் புரியும். இடது காதில் ரீங்காரம் மட்டும்தான். சரியாகிவிட்டதா என்று அம்மா கேட்டபோதெல்லாம் ஆமாம் என்றேன். அவரும் நம்பிவிட்டார்.

விருதுநகரில் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. இயற்பியல் கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். காலை ஆறரைக்கு டவுன் பஸ். சிவகாசியில் இறங்கி வேறு பஸ். கண்டக்டர் கேட்பது புரியாமல் விழிப்பேன். பின்னால் வந்த லாரியின் ஹாரன் கேட்காமல் இரண்டு முறை மயிரிழையில் தப்பினேன்.

வகுப்பில் ஆசிரியர்கள் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசுவார்கள். முதுகைப் பார்த்து நான் எதைப் புரிந்துகொள்ள? முதல் பருவத்தில் ஒலியியலும் ஒரு பாடம். ஒலி காற்றில் எப்படிப் போகிறது என்பதை மனப்பாடம் செய்து எழுதித் தேறினேன். பக்கத்தில் இருந்த பெண்கள் முதலில் நன்றாகத்தான் பேசினார்கள். நான் புரியாமல் சிரித்து வைப்பேன், இல்லையென்றால் பதில் சொல்லாமல் இருப்பேன். "இவளுக்கு ரொம்பத் திமிருடி" என்று ஒருத்தி சொன்னது அவள் உதட்டசைவில் தெரிந்தது. மறுநாள் கடைசி பெஞ்சின் மூலைக்குப் போய்விட்டேன். அங்கே ஒன்றுமே கேட்காது. ஆனால் யாரும் என்னிடம் பேசவும் மாட்டார்கள். மதியம் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவேன்.

வருகைப் பதிவை எண் சொல்லி எடுப்பார்கள். என் எண் முப்பத்தொன்று. முப்பதாம் எண்காரி முன் பெஞ்சில் கையைத் தூக்குவாள். அதைப் பார்த்துவிட்டு அடுத்து நான் எழுந்து நிற்பேன். அப்படியே ஆறு மாதம் ஓட்டினேன். தை மாதம் அவளுக்குக் கல்யாணம் ஆனது. படிப்பை விட்டுவிட்டாள். அதன்பிறகு எப்போது எழுந்து நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை. சில நாள் முந்தி நின்றேன், எல்லோரும் சிரித்தார்கள். சில நாள் பிந்தி நின்றேன், பதிவேட்டை மூடியிருந்தார்கள். பிறகு நிற்பதையே விட்டுவிட்டேன்.

பங்குனியில் அறிவிப்புப் பலகையில் என் பெயர் வந்தது. வருகை குறைவு. பெற்றோரோடு துறைத்தலைவரைப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் பருவத்தேர்வு எழுத முடியாது. ஒருநாள்கூட நான் விடுப்பு எடுத்ததில்லை. காய்ச்சலோடு போன நாள்கூட உண்டு.

வீட்டில் சொல்லவில்லை. மூன்று நாள் பஸ் ஏறிப்போய், கல்லூரிக்குள் நுழையாமல் ரயில் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ரயில் வருவது எனக்குக் காலடி அதிர்வில்தான் தெரியும். தண்டவாளத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்குமேல் அந்த மூன்று நாட்களைப் பற்றி எழுத எனக்குத் தைரியம் இல்லை.

வெள்ளியும் திங்களும் அப்படிப் போயின. மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை. ஊர் மாரியம்மன் கோயிலில் பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். சாயங்காலம் அம்மா வேனை விட்டு இறங்கிக் குளித்து, என்னையும் கோயிலுக்கு அழைத்துப் போனார். நல்ல கூட்டம். கொட்டுமேளத்தின் அதிர்வு நெஞ்சுக்குள் இடித்தது. கண்ணை மூடினேன். வாய்க்குள்ளேதான் முணுமுணுக்கிறேன் என்று நினைத்தேன்.

"ஆத்தா, எனக்குக் காது கேக்கல. பத்து மாசமா ஒருத்தர்ட்டயும் சொல்ல முடியல. தெனமும் வகுப்புல இருந்தும் நான் வரலைன்னு எழுதிட்டாக. பரீட்சை எழுத விடமாட்டாகளாம். எனக்குக் காதக் குடு. இல்லேன்னா அந்த அக்காமாரோட என்னையும் கூட்டிக்கிட்டுப் போயிரு."

கண்ணைத் திறந்தேன். பூசாரி கையில் தட்டோடு அப்படியே நின்றிருந்தார். கொட்டுக்காரர் குச்சியைத் தொங்கவிட்டிருந்தார். முன்னால் நின்ற பெண்கள் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். கொட்டு எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தச் சத்தத்துக்கு மேல் எழுப்பிய குரலிலேயே ஆத்தாவிடம் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. கோயிலில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டுவிட்டது.

அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வரும்வரை எனக்கு வெட்கத்தில் தலை நிமிரவில்லை. மறுநாள் காலையில் வாசலில் வேன் வந்து நின்றது. அம்மா அதில் ஏறவில்லை. என்னோடு பஸ் ஏறினார். விருதுநகர் வரை என் கையை விடவேயில்லை.

துறைத்தலைவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மையார். பதிவேட்டைப் பார்த்துக்கொண்டே, "உங்க பொண்ணு காலேஜுக்கே வர்றதில்ல, தெரியுமா?" என்று கேட்டிருக்கிறார். அதை அம்மா பிறகுதான் என்னிடம் சொன்னார். ஆனால் அம்மாவின் பதில் எனக்குக் கேட்டது. என் வலது பக்கம் நின்று சத்தமாகச் சொன்னார்.

"எம்மவ தெனமும் வாராங்க. நீங்க கூப்பிடுறீக, அவளுக்குக் கேக்கல. கம்பெனியில வெடிச்சதுல காது போயிருச்சு. வெளிய சொல்லாதன்னு நாந்தான் அவ வாய அடச்சேன். தப்பு எம்மேலதான். அவள வெளிய அனுப்பிராதீக."

துறைத்தலைவர் எழுந்தார். மேசையைச் சுற்றி வந்து என் முகத்துக்கு நேராக நின்று, மெதுவாகக் கேட்டார்: "நான் பேசுறது இப்போ புரியுதாம்மா?"

தலையாட்டினேன். பத்து மாதத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. அங்கேயே அழுதுவிட்டேன்.

ஆய்வக நோட்டில் வாரந்தோறும் ஆசிரியர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அந்த நாட்களில் நான் வந்திருந்தேன் என்பதற்கு அதுவே சாட்சி ஆனது. அதை வைத்துத் துறைத்தலைவர் தேர்வு எழுத அனுமதி வாங்கிக் கொடுத்தார். இரண்டு பாடங்களுக்கு மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவற்றை மறுவருடம் எழுதினேன். கூப்பிட்டது கேட்காமல் நின்றதற்காக ஒருநாள் ஆய்வகத்தில் என்னைத் திமிர்பிடித்தவள் என்று திட்டிய ஆசிரியர் ஒருவர் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து கரும்பலகையில் எழுதி முடித்துத் திரும்பி நின்றுதான் பேசுகிறார்.

அரசு மருத்துவமனையில் பரிசோதித்தார்கள். இடது காதில் இனி கேட்கும் திறன் திரும்பாது, வெடித்த முதல் வாரத்திலேயே வந்திருந்தால் ஏதாவது முயன்று பார்த்திருக்கலாம் என்றார் மருத்துவர். அம்மா வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து, மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

வலது காதுக்கு மெஷின் கொடுத்தார்கள். அதுவும் முதலில் வேதனைதான். பெஞ்ச் இழுக்கும் சத்தம், பாத்திரம் விழும் சத்தம் எல்லாம் மண்டையைப் பிளந்தன. மெல்ல மெல்லப் பழகினேன்.

இப்போது இறுதியாண்டு. ஒவ்வொரு பருவமும் முதல் நாளே எழுந்து, எனக்கு வலது காதில் மட்டும்தான் கேட்கும், முகம் பார்த்துப் பேசுங்கள் என்று நானே சொல்லிவிடுகிறேன். சிலர் பரிதாபப்படுகிறார்கள். சிலர் மறந்துவிடுகிறார்கள். முன் பெஞ்சில் எனக்கு ஓர் இடம் இருக்கிறது, பக்கத்தில் ஒரு தோழியும் இருக்கிறாள். அம்மா இன்னும் அதே வேனில்தான் போகிறார். மாலையில் வேன் வந்து அவர் இறங்கும்வரை எனக்குப் படிப்பு ஓடாது. இறந்த அக்காமாரை நினைக்காத நாள் இல்லை. அவர்களை விட்டுவிட்டு என்னை ஏன் வைத்தாள் என்று ஆத்தாவிடம் இன்றும் கேட்கிறேன். அதற்குப் பதில் வரவில்லை.

நான் கேட்ட காதை அவள் கொடுக்கவில்லை. என்னால் சொல்லவே முடியாமல் இருந்ததை, என் வாயாலேயே, என் அம்மா நின்றிருந்த இடத்தில் சொல்ல வைத்தாள். தற்செயல் என்று சிலர் சொல்லலாம். சொல்லட்டும். அந்த ரயில் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளுக்குத்தான் தெரியும், அது என்ன என்று.

உங்கள் வீட்டுப் பிள்ளை கல்லூரிக்குப் போய்வந்து பேசாமல் இருந்தால், பக்கத்தில் போய் உட்காருங்கள். உங்களுக்கே சொல்ல முடியாத பாரம் ஏதாவது இருந்தால் ஆத்தா முன்னால் போய் நில்லுங்கள். மனதுக்குள் வேண்டாம், வாய்விட்டே சொல்லுங்கள். அது யார் காதில் விழ வேண்டும் என்பதை அவள் பார்த்துக்கொள்வாள்.