அப்பாவைவிட்டு நான் துரத்தப் பார்த்த பிசாசு

என் அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. மாங்கேணிக் கடலில் மீன்பிடித்து எங்களை வளர்த்தவர். போன மாசியில் தோணியிலிருந்து இறங்கும்போது சறுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். முதுகில் ஊசி போட்டு, மயக்க மருந்தும் கொடுத்து ஒப்பரேசன் செய்தார்கள். அது நல்லபடி முடிந்தது. அடுத்த நாள் காலை என்னைப் பார்த்து, "நீங்க ஆரு தம்பி?" என்றார்.

பின்னேரம், கட்டிலைச் சுற்றி வலை கிடக்கிறதென்று வெறுங்காற்றை இழுத்துக்கொண்டிருந்தார். நான் சபையில் உபவாச ஜெபம் நடத்துகிறவன். இது பிசாசுதான் என்று முடிவுகட்ட எனக்கு ஐந்து நிமிடம்கூட எடுக்கவில்லை. சபையிலிருந்து மூன்று சகோதரர்களை வரவழைத்து, அவர் தலையில் கைவைத்து, "வெளியே போ! இப்பவே போ!" என்று கத்தினேன். ஆஸ்பத்திரி வாட்டே திரும்பிப் பார்த்தது. அப்பா நடுங்கிக்கொண்டு எழும்பப் பார்த்தார்.

"போறன் ஐயா. அடிச்சிராதீங்க. எங்க போற எண்டு மட்டும் சொல்லுங்க."

பெற்ற தகப்பன் என்னை ஐயா என்றார். வெளியே போய்ச் சுவரைப் பார்த்து அழுதேன். "ஆண்டவரே, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, நீரே காட்டும்" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. அவ்வளவு சின்ன ஜெபம் நான் அதற்குமுன் செய்ததே இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தேன். கட்டிலருகே நின்ற தாதி, "அண்ணன், அப்பாட கண்ணாடி எங்க? காது மெசின் போடுறவரா?" என்று கேட்டார். இரண்டும் வீட்டு அலுமாரியில். தொலைந்துவிடும் என்று ஒப்பரேசனுக்கு முதல்நாள் நானே கொண்டுபோய் வைத்திருந்தேன்.

"அப்ப, முகம் தெரியாத நாலு பேர் சுத்தி நிண்டு கத்தினா அவருக்கு எப்பிடி இரிக்கும்?"

டொக்டர் பிறகு விளக்கினார். ஒப்பரேசனால் உடம்பில் எழும்பும் அழற்சி, வயதானவர்களின் மூளையையும் குழப்புமாம். மயக்க மருந்தும் சேர்ந்தால் சிலருக்குச் சில நாட்கள் புத்தி தடுமாறுமாம். வெளிச்சமும் தெரிந்த குரலும் வேண்டும் என்றார்.

மறுநாள் மனைவி இரண்டையும் கொண்டுவந்தாள். நான் பக்கத்திலேயே இருந்து மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். நாலாம் நாள் அப்பா என் கன்னத்தைத் தடவி, "என்ன மனே, தாடி வழிக்கல்லயா?" என்றார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அன்று அழுததற்கு நான் வெட்கப்படவில்லை.

இன்னும் சில பெயர்கள் அவருக்கு வருவதில்லை. அதை மறைக்க மாட்டேன். நான் ஆண்டவரிடம் கேட்டதற்குப் பதில் வந்தது, ஒரு தாதியின் வாயால் வந்தது.

அன்பானவர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி நடந்தால் நம்பி ஜெபியுங்கள். நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஜெபியுங்கள். கர்த்தருக்குக் காது நன்றாகக் கேட்கும்.