அக்கா ஓடுகிற படம்

கடைத்தெருவில் அவளை எல்லாரும் ஆடாதம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பாஸ்போர்ட் படமும் அடையாள அட்டைப் படமும் எடுக்கிற ஸ்டூடியோ அவளுடையது. பதினெட்டு வருடமாக, வருகிறவர்களை ஸ்டூலில் உட்காரவைத்து முகவாயை நிமிர்த்தி, "ஆடாதீங்க, ஆடாதீங்க" என்று சொல்லிச் சொல்லி அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவள் எடுத்த படத்தில் தூசு தும்பு இருக்காது, முகம் துடைத்துவைத்த மாதிரி இருக்கும். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், வேலை தெரிந்தவளுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் அவளுடைய அக்கா, டிக்கெட் பையைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து அந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. பஸ் கண்டக்டர்.

"ஞாயித்துக்கிழமை எங்க டிப்போ விளையாட்டுப் போட்டி. நூறு மீட்டர் ஓடறேன். மறுநாள் முட்டி ஆபரேஷன்."

"முட்டிய வெச்சுக்கிட்டு ஓடப் போறியா? டாக்டர் விட்டாரா?"

"ஒத்தக்கால்ல நின்னு சம்மதம் வாங்கினேன். இதான் கடைசியாம். அப்புறம் நடக்கலாம், படி ஏறலாம், ஓடவே கூடாதாம்." அக்காவின் குரல் இறங்கியது. "இருபத்திரண்டு வருஷமா ஓடறேன்டி. நான் ஓடற மாதிரி எங்கிட்ட ஒரு படம் இருக்கா?"

இல்லைதான். போட்டிக்கு வருகிற படக்காரர் மேடையில் ஏறுகிற மூன்று பேரைத்தான் எடுப்பார். அக்கா வருடா வருடம் நாலாவது, இல்லாவிட்டால் ஐந்தாவது. யார் யாருடைய படத்திலோ ஓரமாக ஒரு கலங்கல் இருக்கும். அதுதான் அக்கா.

"முகம் தெளிவா தெரியணும். ஓடறது நான்தான்னு பாக்கறவங்களுக்குத் தெரியணும். உன்னால முடியும்ல?"

"இதென்ன பெரிய விஷயம்?" என்றாள் ஆடாதம்மா.

பெரிய விஷயமாகத்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை டிப்போவுக்குப் பின்னால் இருந்த காலித் திடலில் அக்காவை மெதுவாக ஓடவிட்டு நாற்பது படம் எடுத்தாள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் பிசைந்த மாவு இருந்தது. ஸ்டூடியோவில் விளக்கைப் போட்டு, கேமராவை முக்காலியில் நிறுத்தி, விநாடியில் நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கு நேரம் ஷட்டரைத் திறப்பதுதான் அவள் பழக்கம். உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு அது போதும். ஓடுகிற ஆள் அதற்குள் ஓர் அங்குலம் தாண்டிவிடுகிறாள்.

புதன்கிழமை ஷட்டரை ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் கொண்டுபோனாள். இப்போது வெளிச்சம் போதாமல் படம் மங்கியது. கேமராவின் ஐ.எஸ்.ஓ.வை ஏற்றினால் வெளிச்சம் கூடும், ஆனால் படத்தில் மணல் தூவியது போலப் புள்ளி விழும். புள்ளி என்றாலே அவளுக்கு ஆகாது. நானூறுக்கு மேல் ஏற்ற மாட்டேன் என்று மல்லுக்கு நின்றாள். போதாக்குறைக்கு, கேமரா ஒரு தடவை பிடித்த இடத்திலேயே ஃபோகஸை வைத்துக்கொண்டிருந்தது. அக்கா போய்விடுவாள், பின்னால் இருந்த சுவர் செங்கல் செங்கலாகத் தெளிவாக விழும்.

அன்று நடந்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். கடைசி ஓட்டத்தில் அக்கா கிட்டே வந்ததும், பட்டனை அழுத்துகிற அவசரத்தில் ஆடாதம்மா தன்னை மறந்து, "ஆடாதீங்க!" என்று கத்திவிட்டாள். அந்தக் குரலுக்கு அக்கா ஓடிவந்த இடத்திலேயே கம்பம் மாதிரி நின்றாள். பக்கத்தில் சைக்கிளில் துணைக்கு வந்துகொண்டிருந்த அக்காவின் கணவர் அவள்மேல் மோதாமல் ஒடித்துத் திருப்பிப் புதரில் போய் விழுந்தார். அந்த ஒரு படம் மட்டும் அத்தனை தெளிவு.

"தங்கச்சியும் அக்காவும் சேந்து என்னைக் கொல்லப் பாக்கறீங்களா?" என்றார் அவர், சட்டையில் ஒட்டிய முள்ளைப் பிடுங்கிக்கொண்டே.

"மன்னிச்சுக்குங்க மாமா, வாய் தானா சொல்லிடுச்சு" என்றாள் ஆடாதம்மா. அக்கா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தபோது யாரும் சிரிக்கவில்லை.

அன்றைக்கே ஆடாதம்மா முக்காலியை மடித்து அலமாரிக்குப் பின்னால் போட்டாள். ஆளைத் தொடர்ந்து போகிற ஃபோகஸுக்குக் கேமராவை மாற்றினாள். வியாழனும் வெள்ளியும் ஸ்டூடியோ வாசலில் நின்று, போகிற வருகிற பைக்கை எல்லாம் எடுத்தாள். முழங்கைகளை விலாவில் ஒட்டிக்கொண்டு, இடுப்பிலிருந்து திரும்பி, பைக் தூரத்தில் வரும்போதே அதோடு போக ஆரம்பிக்க வேண்டும். அழுத்திய பிறகும் நிறுத்தாமல் போக வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு படம். சனிக்கிழமை மத்தியானம் ஒரு கூரியர்காரரின் சட்டைப்பையில் போட்டிருந்த தையல்கூடத் தெரிந்தது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. படமெடுக்க வந்து ஸ்டூலில் காத்திருந்தவரை இழுத்து, "பாருங்க சார், தையல் தெரியுது பாருங்க!" என்றாள். அவர் பயந்துபோய்த் தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை வானம் மூடிக்கொண்டது.

எழுபதாவது மீட்டருக்கு நேராக அவள் மண்டிபோட்டிருந்தாள். அங்கேதான் அக்காவின் வேகம் உச்சத்தில் இருக்கும். ஆயிரத்தில் ஒரு பங்கு வேண்டுமென்றால் ஐ.எஸ்.ஓ.வை மூவாயிரத்து இருநூறுக்கு ஏற்ற வேண்டும். அவள் ஜென்மத்தில் தொடாத எண். அந்தப் பக்கம் அக்கா முட்டியில் பட்டையை இழுத்துச் சுற்றிக்கொண்டிருந்தாள். புள்ளி விழுந்தால் விழட்டும், அக்கா கலங்கக் கூடாது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஏற்றிவிட்டாள்.

விசில். ஆறு பெண்கள் கிளம்பினார்கள். ஆடாதம்மா நாற்பதாவது மீட்டரிலேயே அக்காவைப் பிடித்துவிட்டாள், இடுப்பு தானாகத் திரும்பியது, கேமரா கடகடவென்று அடித்தது. அப்போது பார்த்து, ஒரு புண்ணியவான் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு குறுக்கே வந்தார். விரலை எடுத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. எடுக்கவில்லை. அக்கா எந்த வேகத்தில் வந்தாளோ அதே வேகத்தில் ஆடாதம்மா நாற்காலியைத் தாண்டியும் திரும்பிக்கொண்டே போனாள்.

ஓட்டம் முடிந்தது. அக்கா நொண்டிக்கொண்டே நேராக அவளிடம் வந்தாள்.

"வந்துச்சாடி?"

"நீயே பாரு, நான் இன்னும் பாக்கல."

பதினான்கு படம். முதல் ஐந்தில் பக்கத்துப் பெண்ணின் கை அக்காவின் முகத்தை மறைத்திருந்தது. அடுத்த ஆறில் நாற்காலி, அதன் கால் கீறல்வரைக்கும் அற்புதமாக. ஆடாதம்மாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பன்னிரண்டாவதில் அக்கா இருந்தாள்.

இரண்டு காலும் தரையில் இல்லை. பல்லைக் கடித்திருந்தாள். நெற்றி வியர்வை சொட்டுச் சொட்டாகத் தெரிந்தது, முட்டிப் பட்டையின் அவிழ்ந்த நுனி காற்றில் நின்றது. படம் முழுக்கப் புள்ளி.

"அய்யோ, நான் பறக்கறேன்டி!" என்று அக்கா கத்தியதில் மைதானமே திரும்பிப் பார்த்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள், சிரித்தார்கள், மறுபடி அழுதார்கள்.

"புள்ளிய எடுத்துட்டு, முகத்தக் கொஞ்சம் மெழுகித் தரட்டுமா?"

"கை வெச்சுப் பாரு, தெரியும் சேதி."

மறுநாள் காலை, ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் பார்க்க வந்தபோது, அக்கா தலையணைக்கு அடியிலிருந்து அந்தப் படத்தை எடுத்து நீட்டினாள். "நல்லாப் பாத்துக்குங்க டாக்டர். நீங்க கழட்டப் போற முட்டி இதுதான்."

டாக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "எத்தனாவதா வந்தீங்கம்மா?"

"நாலாவது" என்றாள் அக்கா, வார்டு முழுக்கக் கேட்கிற குரலில்.