ஹாரன் அக்காவின் இடது கை

ஊரில் பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேருக்கு அவள் பெயர் தெரியாது. ஹாரன் அக்கா வீடு எது என்று கேளுங்கள், பால் பல் விழாத குழந்தைகூடக் கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டுவிடும். இத்தனைக்கும் அந்தப் பெயர் வந்து இரண்டு மழைக்காலம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் பதினாலு வருஷம் அவள் வெறும் பால்வண்டி அக்கா. விடிந்ததும் விடியாததுமாகப் பிக்கப் வண்டியைக் கிளப்புவாள். செம்மண் மேட்டுக்கு மேலே இருக்கிற பதினோரு வீடுகளில் பால் கேன்களை ஏற்றிக்கொண்டு எட்டு மணிக்குள் பால் நிலையத்தில் இறக்கிவிடுவாள்.

வெயில் காலத்தில் அந்த மேடு பரம சாது. ஒரு மழை பெய்தால் போதும், சுயரூபத்தைக் காட்டிவிடும். பாதி மேட்டில் ஒரு வளைவு. அங்கே இடது பின்சக்கரம் சேற்றில் விர்ரென்று சுற்றும். வலது சக்கரமோ 'எனக்கென்ன வந்தது' என்று கெட்டித் தரையில் சும்மா நிற்கும். இன்ஜின் பலமெல்லாம் சுற்றுகிற சக்கரத்துக்கே போய்த் தொலையும். அதற்கு அவள் ஒரு வித்தை வைத்திருந்தாள். இடது கையால் ஹேண்ட்பிரேக்கைப் பாதி இழுத்துப் பிடிப்பாள். சுற்றுகிற சக்கரம் கொஞ்சம் அடங்கும், சும்மா நிற்கிற சக்கரம் கொஞ்சம் உதைக்கும், வண்டி முக்கி முனகி ஏறிவிடும். பத்துத் தடவையில் ஏழு தடவை ஏறும்.

மிச்சம் மூன்று தடவைதான் வினையாகிப் போனது. போன மழையில் மூன்று நாள் வண்டி ஏறவில்லை, மேலே பால் திரிந்தது. பால் நிலைய மேனேஜர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"உங்க மேல கோவம் இல்லக்கா. ஆனா இந்த மழையில ஒரு நாள் பால் வரலேன்னாலும் ரூட்டை ஜீப்காரருக்குக் குடுத்துடுவேன். அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது."

அவளா விடுவாள்? முப்பத்திரண்டு வயதில், ஊரே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க, வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டவள். யாரும் போகமாட்டேன் என்று தள்ளிவிட்ட ரூட்டைக் கேட்டு வாங்கி, தன்னுடையது என்று ஆக்கிக்கொண்டவள். அதை இன்னொருத்தரிடம் கொடுப்பதா? நல்லாயிருக்கே கதை! நேரே பல் டாக்டரிடம் போனாள்.

பல் டாக்டர் என்றால் மனுஷர் பல்லைத் தொடமாட்டார். மெக்கானிக். பல்சக்கரத்தைத் தவிர வேறு எதிலும் கை வைக்கமாட்டார், அதனால் அந்தப் பட்டம். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குக் குஷி பிறந்துவிட்டது.

"லாக்கர் போட்டுடலாம்மா. ரெண்டு பின்சக்கரத்தையும் ஒண்ணாப் பூட்டிடும். ஒண்ணு சுத்தினா இன்னொண்ணும் சுத்தியே ஆகணும்."

வீட்டில் வந்து சொன்னபோது, தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே அவள் புருஷன் கேட்டார், "லாக்கரா? நம்மகிட்ட ஏது நகை?"

அவர் தையல்காரர். வாய் அவ்வளவாகத் திறக்காது. பதினாலு வருஷத்தில் ஒரு நாள்கூட அந்த மேட்டுக்கு வண்டியில் வந்ததில்லை. கேட்டால், "தைக்கக் கிடக்கு" என்பார்.

எந்த லாக்கர் என்பதில் ஒரு வாரம் ஓடியது. ஒன்று, இரண்டு சக்கரத்துக்கும் சமாதானம் பேசிப் பார்க்குமாம். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் கையை விரித்துவிடுமாம். இன்னொன்று, தானாகவே பூட்டிக்கொள்ளும். ஆனால் ஈரத் தெருவில் திரும்பும்போது வண்டி எப்போது வாலை ஆட்டும் என்று சொல்ல முடியாது. மூன்றாவது காற்றில் வேலை செய்வது. சின்னக் கம்ப்ரஸர், ஒரு குழாய், ஓட்டுகிறவர் பக்கத்தில் ஒரு பொத்தான். அமுக்கினால் பூட்டும், மறுபடி அமுக்கினால் திறக்கும்.

"மூணாவதுதான்ணே," என்றாள் அவள், வீடு தேடி வந்த பல் டாக்டரிடம். "நான் சொல்றப்ப கேக்கணும். இந்த வீட்ல நான் சொல்லி எது கேட்டிருக்கு, இதாவது கேக்கட்டும்."

புருஷன் காதில் விழாதமாதிரி ஊசியில் நூல் கோத்தார். ஆனால் சாமான் வந்து, பட்டறையில் வண்டியை முட்டுக் கொடுத்துத் தூக்கிய அன்றைக்கு, கடையைச் சாத்திவிட்டு வந்து நின்றார்! சும்மா பார்க்கத்தான் வந்தாராம். பல் டாக்டர் எண்ணெயை வடித்து, அச்சுத் தண்டுகளை உருவி, நடுவிலிருந்த பெரிய பல்சக்கரத்தை வெளியே எடுத்தார். அதன் இரண்டு பக்கமும் காகிதம் கனத்துக்கு இரும்பு வளையங்கள். எது இடது, எது வலது என்று மாறிப்போனால் குடி கெட்டது. தையல்காரர் சத்தம் போடாமல் பையிலிருந்து துணித் துண்டுகளை எடுத்தார். இடதுக்கு நீலம், வலதுக்கு மஞ்சள் என்று முடிந்து வைத்தார்.

"இந்த வளையத்தை வச்சுத்தான் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல மயிரிழை இடைவெளி விடணும்," என்றார் பல் டாக்டர். "இறுக்கினா தேஞ்சுடும், தளர்ந்தா உடைஞ்சுடும்."

"சட்டைக்கும் அப்படித்தான்," என்றார் தையல்காரர். "லூஸ் விடாம தைச்சா அக்குள்ல கிழியும்."

அப்புறம் என்ன, இரண்டு பேரும் பிறந்ததிலிருந்து சிநேகிதர்கள்மாதிரி ஆகிவிட்டார்கள். பல்லில் மஞ்சள் பெயின்ட் பூசுவதும், சுற்றிவிட்டுப் பெயின்ட் தடம் எங்கே விழுகிறது என்று குனிந்து பார்ப்பதும், கழற்றுவதும், மறுபடி பூட்டுவதும். நான்காவது தடவை தடம் பல்லின் நட்டநடுவில் விழுந்தது. "அப்படிப் போடு!" என்று தையல்காரர் தொடையில் தட்டினார். அவருக்கு இப்படிக் கத்தத் தெரியும் என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. விடிகாலையில் வண்டியை எடுக்கப் போனால், முன்சீட்டில் புருஷன் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் காலிக் கேன்களுக்கு நடுவே குடையும் கையுமாகப் பல் டாக்டர். மேட்டடியில் முதல் கியரைப் போட்டுப் பொத்தானை அமுக்கினாள். கம்ப்ரஸர் உறுமியது, பொத்தானில் விளக்கு எரிந்தது. வண்டி ஏறியது பாருங்கள், சேற்றை இரண்டு பக்கமும் வாரி இறைத்துக்கொண்டு, எந்தத் திணறலும் இல்லாமல்! அவள் சிரித்தேவிட்டாள். வளைவு வந்தது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, இன்ஜின் அணைந்து நின்றது.

பல் டாக்டர் குதித்து, சேற்றில் படுத்து, அடியில் எட்டிப் பார்த்தார். குழாய் கசியவில்லை. பூட்டு பூட்டித்தான் இருக்கிறது. "எல்லாம் சரியாத்தானே இருக்கு!" என்று அழாத குறையாகக் கத்தினார். மறுபடி கிளப்பினாள். இரண்டடி போனது, மறுபடி அணைந்தது. மணி ஆறே முக்கால்.

"போச்சு," என்றாள் அவள். "ரூட்டு போச்சுங்க."

"ஏம்மா," என்றார் புருஷன் மெதுவாக. "இந்தச் சிவப்பு விளக்கு எதுக்கு எரியுது?"

குனிந்து பார்த்தாள். ஹேண்ட்பிரேக் பாதிக்கு மேல் இழுத்திருந்தது. இழுத்தது அவள் கைதான்! பதினாலு வருஷப் பழக்கம், வளைவைக் கண்டதும் கை தன்பாட்டுக்குப் போய்விட்டது. இப்போது இரண்டு சக்கரமும் ஒன்றாகப் பூட்டியிருக்கிறதே, பிரேக் இரண்டையும் சேர்த்தல்லவா பிடிக்கும்! இன்ஜின் என்ன செய்யும், பாவம்.

"அட, என் புத்தியை..." என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிரேக்கை இறக்கினாள், கிளப்பினாள். வண்டி நகர்ந்ததும், நம்பமாட்டீர்கள், அந்தக் கை மறுபடி பிரேக்கைத் தேடிப் போனது. புருஷன் லபக்கென்று பிடித்துக்கொண்டார்.

"இது என்கிட்ட இருக்கட்டும். நீ ஒரு கையால ஓட்டு."

கியர் மாற்ற வேண்டிய வேலை இல்லை. வண்டி உறுமிக்கொண்டு வளைவைத் தாண்டியது. பல் டாக்டர் குடையை எறிந்துவிட்டுச் சேற்றில் விசிலடித்துக்கொண்டு பின்னால் ஓடிவந்தார். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. புருஷன் இரண்டு கையாலும் தன் கையை இறுக்கிப் பிடித்திருப்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"மேல வந்தாச்சு. விடுங்க."

"இறங்கணுமே?"

"இறங்கறப்ப பிரேக் வேணும், சாமி! விடுங்க!"

ஏழே முக்காலுக்குப் பதினோரு வீட்டுப் பாலும் நிலையத்தில் இறங்கியது. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார், சேறு பூசிய மூன்று பேரையும் பார்த்தார், ரசீதில் கையெழுத்துப் போட்டார். ரூட்டு அவளுடையது.

தினமும் கையைப் பிடிக்க ஆள் வர முடியுமா? மறுநாள் காலை அவள் கிளம்பும்போது வாசலில் வந்து நின்றார் புருஷன்.

"சும்மா இருந்தாத்தான் கை அங்க போகுது. அதுக்கு ஒரு வேலை குடு. மேடு ஏறி முடியறவரைக்கும் ஹாரனை அமுக்கிட்டே போ."

அன்றிலிருந்து மழை நாளில் மேட்டடியில் தொடங்குகிற ஹாரன் உச்சியில்தான் நிற்கும். மேலே பதினோரு வீட்டிலும் கேனைத் தூக்கி வாசலில் வைப்பார்கள். ஊர் திட்டிக்கொண்டே எழுந்திருக்கும், அவளுக்குப் பெயரும் வைத்தது.

தையல் கடைக்காரர் மட்டும் திட்டமாட்டார். மழை பெய்கிற காலையில் சீக்கிரமே கடையைத் திறந்து, மெஷினில் துணியைக் கொடுத்துவிட்டு, மிதிக்காமல் உட்கார்ந்திருப்பார். பதினாலு வருஷமாக அவள் வண்டி இறங்கி வருகிறவரைக்கும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாராம். பக்கத்துக் கடைக்காரர் சொல்லித்தான் அவளுக்கே தெரிய வந்தது. இப்போது தூரத்தில் ஹாரன் கேட்கும். நீளமாகக் கேட்டு, உச்சியில் நிற்கும். அதற்கப்புறம் மிதிக்கத் தொடங்குவார்.