அவளுடைய ஆன்டிபாடி

வேலூரில் நான் வேலை பார்க்கும் வைரஸ் ஆய்வுக்கூடத்தில் ஒரு பெண் சேர்ந்தாள். அரக்கோணத்திலிருந்து ரயிலில் வந்து போகிறவள். வயதில் சின்னவள், எதற்கும் பதறமாட்டாள். வந்த நாளிலிருந்தே அவளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். இருவருக்கும் ஒரே வேலை: கைக்குழந்தைகளின் நுரையீரலைத் தாக்கும் வைரஸைத் தடுக்கிற ஆன்டிபாடியைக் கண்டுபிடிப்பது. யாருடையது நன்றாகத் தடுக்கிறதோ அது மட்டும்தான் விலங்குச் சோதனைக்குப் போகும் என்று ஆய்வுக்கூடத் தலைவரான சார் சொல்லியிருந்தார்.

அந்த வைரஸின் மேல் ஒரு புரதம், எலிப்பொறி மாதிரி மடங்கி விறைப்பாக நிற்கும். செல்லுக்குப் பக்கத்தில் வந்ததும் படாரென்று நீண்டு அதன் சவ்வைக் குத்தி, வைரஸின் சவ்வோடு இழுத்து ஒன்றாக்கிவிடும். வைரஸ் உள்ளே போய்விடும். புரதம் விரிவதற்கு முன்பே ஆன்டிபாடி அதைப் பிடித்துக்கொண்டால்தான் உண்டு.

நான் ஆம்பூர்க்காரி. அம்மா ஷூ கம்பெனியில் துண்டுத் தோலைக்கூட வீசாமல் வேலை செய்தவள். எனக்கும் அந்தக் கைதான். பிரித்தெடுத்த புரதத்தை ஒரு சொட்டு வீணாக்காமல் ஃபிரிட்ஜில் வைத்து வைத்து, அதைக்கொண்டே ஆன்டிபாடிகளைத் தேர்ந்தெடுத்தேன். என்னுடையது அதில் பசை போட்ட மாதிரி ஒட்டியது. அவளோ புரதத்தைத் தனியாக எடுக்கவே இல்லை. அதைத் தம்மேல் தாங்கி நிற்கும் உயிருள்ள செல்களை வளர்ப்பாள், மிச்சத்தைக் கொட்டுவாள், மறுபடி புதிதாக வளர்ப்பாள். ஊதாரி என்று நினைத்துக்கொண்டேன். அவளுடைய ஆன்டிபாடி என் புரதத்தில் ஒட்டவே இல்லை. எனக்குக் குளுகுளுவென்று இருந்தது.

அவளே வந்து கேட்டாள். "அக்கா, ரெண்டையும் நீங்களே செல்லுல போட்டு பாருங்க. நீங்க சொன்னாதான் சார் நம்புவாரு."

அவளுடையது தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே இரண்டு ஆன்டிபாடியையும் தனித்தனித் தட்டில் செல்களோடு போட்டு, இரண்டிலும் வைரஸைத் தாராளமாக விட்டேன். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், என் ஆன்டிபாடி போட்ட இடத்தில் வைரஸ் புகுந்து செல்களெல்லாம் ஒன்றோடொன்று கலந்து பெரிய பெரிய திட்டுகளாகக் கிடந்தன. அவளுடையதில் ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. அப்போதுதான் உறைத்தது. ஃபிரிட்ஜில் கிடந்த நாட்களில் என் புரதம் தானாகவே விரிந்துபோயிருக்கிறது; அவளுடைய புதுச் செல்களில் அது மடங்கியபடியே நின்றிருக்கிறது. பொறி அடித்து முடித்த பிறகு அதைப் பிடிக்க நான் ஆள் தேடியிருக்கிறேன்.

சார் கேட்டபோது, அவளுடையதுதான் என்றேன். அவர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். யாரோ ஆற்காடு மக்கன் பேடா வாங்கி வந்தார்கள். அவள் எனக்குத்தான் முதலில் நீட்டினாள். வாங்கித் தின்றேன். அவள் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று அங்கே பேடா தின்றுகொண்டிருந்த வேறு யாருக்கும் சரியாகத் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும். அதைத்தான் தாங்க முடியவில்லை.