ஒரு பக்கம் மட்டும் கேட்ட போன்: விம்கோ நகரில் ஒரு ஞாயிறு

வடசென்னைக்கு யாராவது சுற்றிப் பார்க்கப் போவார்களா என்று ஆபீசில் கேட்டார்கள். நான் போவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வேறு வேலையும் கிடையாது, கூப்பிட ஆளும் கிடையாது. திருவல்லிக்கேணி மேன்ஷன் அறையில் படுத்து மின்விசிறியைப் பார்ப்பதைவிட, மின்சார ரயிலில் ஏறி ஜன்னலோரம் உட்காருவது மேல். இந்த வலைப்பூவைப் படிப்பவர்களுக்கு என் வியாதி தெரியும்.

இந்த முறை போனதற்கு ஒரு காரணமும் இருந்தது. நான் வேலை பார்க்கும் கம்பெனி, இரண்டு இன்டர்நெட் லைன்களை ஒன்றாகச் சேர்த்துக் கொடுக்கும் ரௌட்டர் பெட்டியை விற்கிறது. விம்கோ நகரில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் சபீனா என்பவர் அதை வாங்கியிருந்தார். மழை வந்தால் டெலிபோன் லைன் படுத்துவிடுகிறது என்று, ஐந்து மாதங்களுக்கு முன் கேபிள் டிவிக்காரரிடம் இரண்டாவது லைனும் எடுத்தார். அன்றிலிருந்து ஒரு புகார். நெட் வழியாக வெளிநாட்டுக்குப் பேசினால் இங்கே பேசுவது அங்கே கேட்கிறது, அங்கே பேசுவது இங்கே கேட்பதில்லை. ஆபீசில் யாருக்கும் அந்தப் பக்கம் போக மனமில்லை. ஒவ்வொரு முறையும் ‘ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க’ என்றே பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2007 ஆடி மாதத்தில் ஒரு ஞாயிறு, நானே கிளம்பினேன்.

பீச் ஸ்டேஷனில் காலை எட்டே காலுக்கு வண்டி. டிக்கெட் ஆறு ரூபாய். பெட்டியில் எனக்கு எதிரே ஒரு குடும்பம் இட்லிப் பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தனியாகப் பயணம் செய்பவனுக்கு அடுத்தவர் சாப்பாட்டைப் பார்க்காமல் இருக்கும் கலை சீக்கிரம் கைவந்துவிடும்.

அடுத்த ஸ்டேஷனான ராயபுரத்தில் இறங்கினேன். 1856-இல் கட்டிய கட்டடம், பெரிய தூண்கள், முன்னால் ஒரு ஈ காக்கை இல்லை. ரயிலேறக் கூட்டம் அலைமோதுவதற்காகக் கட்டிய இடத்தில் நான் மட்டும் நின்றேன். பத்து நிமிடம் சுற்றிப் பார்த்தேன். பக்கத்துத் தெருவிலிருந்து மீன் வாசனையும் சர்ச் மணியும் வந்தன. அடுத்த வண்டி எப்போது என்று வாசலில் நின்ற ஆட்டோக்காரரிடம் கேட்டேன்.

“அது வரும்போது வரும். எங்க போணும் நைனா?”

“விம்கோ நகர்.”

“எண்பது ரூபா குடு. எக்ஸ்பிரஸ் ரோடு வேணாம், கண்டெய்னர் லாரி எண்ணூர் வரிக்கும் நின்னுகினு கீது. உள்ளார பூந்து போயிடலாம்.”

கடலோரமாகப் போகலாமே என்று ஆசைப்பட்டுக் கேட்டேன். “கடல் எங்கியும் போவாது சார். நீ வூட்டுக்குப் போவ வேணாவா?” என்றார். அவர் சொன்ன வழியிலேயே போனோம். காசிமேட்டுச் சந்துகளில் வலை காய்ந்தது. தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் தெருவுக்குத் தெரு பந்தல், அண்டாவில் கூழ், கம்பத்துக்குக் கம்பம் குழாய் ஸ்பீக்கர். பத்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான தூரம், நாற்பது நிமிடம் ஆனது. இந்த ஊர்க்காரர் சொல்லும் வழியில் எதிர்ப்பேச்சு பேசாமல் போவது நல்லது.

சபீனாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். வண்ணாரப்பேட்டையிலிருந்து கல்யாணமாகி வந்தவர். கடையில் ஆறு கம்ப்யூட்டர், அதில் இரண்டாம் நம்பர் மட்டும் கண்ணாடிக் கதவு போட்ட கேபின். அங்கிருந்துதான் வெளிநாட்டுக்குப் பேசுவார்கள்.

“மத்தவங்கள்லாம் காசு குடுத்துட்டுத் திட்டிகினே வேற கடைக்குப் போய்ட்டாங்க சார். ஒர்த்தி மட்டும் இன்னும் வந்துகினு கீறா” என்றார்.

அந்த ஒருத்தி கஸ்தூரி. கணவர் சேகர் இரண்டு வருடமாகத் துபாயில், ஒரு கப்பல் பட்டறையில். துருவைச் சுரண்டிப் பெயிண்ட் அடிக்கும் வேலை. ஞாயிறு தோறும் பதினோரு மணிக்கு அழைப்பு. இரண்டாவது லைன் வந்த பிறகு அவர் குரல் நின்றுபோனதும், மூவரும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். கஸ்தூரி மைக்கில் பேசுவார். சேகர் அதைக் கேட்டு, தமிழை இங்கிலீஷ் எழுத்தில் டைப் அடிப்பார். கஸ்தூரிக்கு அந்த எழுத்து தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து சபீனா அதை உரக்கப் படிப்பார். ஐந்து மாதமாகப் புருஷன் பெண்டாட்டி பேச்சு, மூன்றாவது ஆள் வாயால் நடந்திருக்கிறது.

“நெட்டை விட்டுட்டு, அவரைச் சாதாரண போன்ல பேசச் சொல்லக் கூடாதா?” என்றேன்.

“சொல்லிப் பாத்துட்டா சார். செலவு எதுக்கு, இதுவே நல்லா தானே கீதுன்னு டைப் அடிச்சிடுவாரு.”

நான் ரௌட்டர் பெட்டியின் செட்டிங்கைத் திறந்து, எது எந்த லைனில் போக வேண்டும் என்ற விதிகளைப் பார்த்தேன். பொருத்திவிட்டுப் போன ஆள், வெப்சைட்டும் சாட்டும் டெலிபோன் லைனில், மற்றதெல்லாம் கேபிள் லைனில் என்று எழுதியிருந்தார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பேச்சு என்பது இரண்டு பகுதி. ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று அழைப்பைத் தொடங்குவது சாட் கணக்கில் டெலிபோன் லைனில் போகிறது. குரலோ ‘மற்றதெல்லாம்’ கணக்கில் கேபிள் லைனில் போகிறது. ஒவ்வொரு லைனுக்கும் வேறு வேறு முகவரி. முன்வாசலில் நின்று கூப்பிட்டுவிட்டுக் கொல்லைப்புறத்தில் போய்க் காத்திருந்தால் வந்தவர் என்ன செய்வார்? சேகரின் குரல் டெலிபோன் லைன் முகவரிக்குத்தான் வந்துகொண்டிருந்தது. அந்த வாசல் வழியாக இங்கிருந்து எந்தக் குரலும் போகவில்லையே, இது யாருக்கு வந்தது என்று ரௌட்டர் அதைக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தது.

அதாவது ஐந்து மாதமாக அவர் குரல் விம்கோ நகர் வரை வந்துதான் இருந்திருக்கிறது. கஸ்தூரியின் நாற்காலிக்கு ஒரு முழ தூரத்தில், ஒரு தகரப் பெட்டிக்குள் விழுந்து காணாமல் போயிருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி எழுதினேன். இரண்டாம் நம்பர் கேபினிலிருந்து எது கிளம்பினாலும் டெலிபோன் லைன் மட்டும். அந்த லைன் செத்தால் மொத்தமாகக் கேபிளுக்கு மாற வேண்டும், பாதி இங்கே பாதி அங்கே கூடாது. நாலு வரி. கடல் பார்க்காமல் வந்தது இந்த நாலு வரிக்குத்தான்.

பதினோரு மணிக்குக் கஸ்தூரி வந்தார். தலையில் பூ, கையில் ஒரு தூக்குக் கூழ். சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதால் ஹெட்போனை விட்டுவிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். சபீனா வழக்கம்போலப் படிப்பதற்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“யோவ், கேக்குதா?” என்றார் கஸ்தூரி.

“கேக்குது. சொல்லு மே” என்று ஸ்பீக்கரில் குரல் வந்தது.

சபீனா கைதட்டிவிட்டார். நானும் சிரித்தேன். கஸ்தூரி சிரிக்கவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“யோவ், இன்னொரு தபா பேசு.”

“என் கொரல் கேக்குதா உனக்கு?” என்றார் சேகர், திடுக்கிட்டு. பிறகு, “இன்னா பேசறது?”

“எதுனா பேசு. நீட்டா பேசு.”

அவர் அறையைப் பற்றியும் யாருக்கு எந்த நாள் சமையல் என்பதைப் பற்றியும் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். ஒரு வாக்கியம் முழுதாக வரவில்லை. நடுவில் நிறுத்தி மூச்சு இழுத்தார். மறுபடி தொடங்கினார், மறுபடி நிறுத்தினார்.

“எத்தினி நாளா கீது இது?” என்றார் கஸ்தூரி.

“எது?”

“மூச்சு.”

“சளி மே. ஏசில படுக்கறேன்ல.”

வெளியே குழாய் ஸ்பீக்கரில் அம்மன் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. கஸ்தூரி ஹெட்போனை எடுத்து மாட்டிக் காதோடு அழுத்தினார். “ஒண்ணும் கேக்கல” என்றார். சபீனா எழுந்து வெளியே போனார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பந்தலில் இருந்த ரேடியோ செட்காரரிடம் கையை ஆட்டி ஏதோ சொன்னார். அந்த ஆள் கடைப்பக்கம் ஒரு முறை பார்த்தார். பாட்டு நின்றது. கூழுக்கு நின்ற வரிசையும் ஏனோ சத்தத்தைக் குறைத்துக்கொண்டது.

“நீ பேசாத. சும்மா மூச்சு வுடு. நான் கேக்கறேன்” என்றார் கஸ்தூரி.

கண்ணை மூடிக்கொண்டார். எனக்கும் திரும்பி வந்த சபீனாவுக்கும் ஒன்றும் கேட்கவில்லை. கஸ்தூரியின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

“எங்க அப்பனுக்கும் இதே தான்” என்று கண்ணைத் திறக்காமல் எங்களிடம் சொன்னார். “ஹார்பர்ல கரி எறக்கினாரு. கடைசியில மூச்சு விசில் கணக்கா வரும். நான் தான் பக்கத்துல படுத்துகினு கேட்டுகினு இருப்பேன்.” பிறகு மைக்கில், “வந்துடுயா.”

சேகர் என்ன சொன்னார் என்பதைக் கஸ்தூரியின் பதிலில்தான் தெரிந்துகொண்டோம்.

“காண்ட்ராக்ட் கெடக்கட்டும்… இல்ல. நாளிக்கு டாக்டரைப் பாரு, டிக்கெட்டுக்கு எழுதிக் குடு… அஞ்சு மாசமா நான் பேசுனதுலாம் உன் காதுல வுழுந்துச்சா இல்லியா? அப்ப இதுவும் வுழட்டும். வந்துடு.”

பாட்டு மறுபடி தொடங்கியது. கஸ்தூரி புடவைத் தலைப்பால் ஹெட்போனைத் துடைத்து வைத்தார். கொண்டுவந்த கூழை எங்கள் இருவருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

சபீனா கீபோர்டைத் துணியால் துடைத்தார். “நான் சூப்பரா கீறேன்னு தான் சார் எப்பவும் அடிப்பாரு. நானும் அத சந்தோசமா சத்தம் போட்டுப் படிப்பேன்” என்றார். நான் கூழைக் குடித்தேன்.

அங்கிருந்து நேராகத் திரும்ப மனமில்லை. விம்கோ நகர் ஸ்டேஷனில் ஏறி அத்திப்பட்டு வரை போனேன். அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள், உப்புக் காற்று, நடைமேடையில் ஒரு நாய். அடுத்த வண்டி வரும் வரை பெஞ்சில் உட்கார்ந்து என் மூச்சையே கவனித்துக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் இருந்தது. கேட்டுச் சொல்ல ஆள் இல்லாததால் உறுதியாகச் சொல்ல முடியாது.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். பீச்சிலிருந்து இந்தப் பக்கம் வண்டி குறைவு, ஞாயிறு இன்னும் குறைவு. சென்ட்ரல் பக்கம் மூர் மார்க்கெட் ஸ்டேஷனிலிருந்து ஏறினால் காத்திருக்க வேண்டாம், ஆனால் ராயபுரம் கட்டடத்தைத் தவறவிடுவீர்கள். எக்ஸ்பிரஸ் ரோட்டில் லாரி நிற்கிறதா என்று கேட்டுவிட்டு ஆட்டோ ஏறுங்கள். அத்திப்பட்டில் டீக்கடையை எதிர்பார்க்க வேண்டாம், தண்ணீர் கொண்டுபோங்கள். ஆடி மாதம் போனால் வெறும் வயிற்றோடு போங்கள், தெருவுக்கு ஒரு டம்ளர் கூழ் நிச்சயம். இரண்டு நெட் லைன் வைத்துக் கடை நடத்துபவர் யாராவது இதைப் படித்தால், பேசுகிற கம்ப்யூட்டரை ஒரே லைனில் கட்டிப்போடுங்கள்.

இதை எழுதி வைத்துப் பல நாள் பதிவேற்றாமல் இருந்தேன். நேற்று சபீனா போன் செய்தார்.

“அவரு வந்துட்டாரு சார். ஸ்டான்லி ஆஸ்பத்திரில காட்னாங்க. நெஞ்சுல தூசி படிஞ்சிகீதாம், இப்பவே வந்தது நல்லதுன்னாங்களாம். இனிமே அந்த வேலைக்குப் போவக் கூடாதாம்.”

சந்தோஷமாக இருந்தது. நிஜமாகவே, ரொம்ப நாளைக்குப் பிறகு.

“ஞாயித்துக்கெழம பதினோரு மணிக்கு கேபின் காலியா கெடக்குது சார். அந்த ரூல எடுத்துடலாமா?”

“வேண்டாம், இருக்கட்டும். ஒருநாள் நானே வந்து பேசிட்டுப் போறேன்” என்றேன்.

“யார்கிட்ட சார்?” என்று சிரித்தார்.

எனக்கு ஒரு பெயரும் வரவில்லை.